ஒரு வரி தள்ளி

இளவேனிலுக்கு வந்த வேலை சின்னதுதான். தண்ணீர் மோட்டார் கம்பெனி ஒன்றின் புகார்களைப் படிக்கும் சாட்பாட், 'ங்க'வைக் கண்டால் வழுக்கி விழுந்தது. 'தண்ணி வரலை' என்றால் புரிகிறது. 'தண்ணி வரலீங்க' என்றால் திருதிருவென்று விழிக்கிறது. மோட்டார் எரிந்துபோன ஆத்திரத்திலும் மரியாதை குறையாமல் திட்டுகிற ஊர் இது என்று அதற்கு யார் சொல்லியிருப்பார்கள், பாவம். வரியின் கடைசியில் 'ங்க' வருகிறதா என்று பார்க்க ஜாவாஸ்கிரிப்டில் நாலு வரி எழுதச் சொல்லியிருந்தார் மேனேஜர் அபிலாஷ்.

எழுதிவிட்டாள். சோதித்துப் பார்க்க நீளமான தமிழ்ப் பேச்சு வேண்டுமே! சரவணம்பட்டி ஃபிளாட்டில் தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவள் அதற்கு எங்கே போவாள்? அவளுடைய வாட்ஸ்அப்பில் நீளமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். லின்சி. கருமத்தம்பட்டிக்காரி, கல்லூரி விடுதியில் நாலு வருடம் ஒரே அறை. இப்போது மூன்று வருடமாகப் பேச்சில்லை. கல்யாணமானதும் லின்சிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று கேட்பவர்களிடமெல்லாம் இளவேனில் சொல்வாள். கேட்பவர்கள் அதிகமில்லை.

அந்தப் பேச்சு மொத்தமும் ஒரே நீள எழுத்துச்சரமாக வந்து இறங்கியது. வரி வரியாக வெட்டி, அரே என்னும் எண்ணிட்ட பட்டியலில் அடுக்கினாள். முதலில் 'ங்க' எங்கே இருந்தாலும் பிடி என்றாள். தங்கச்சி, சங்கனூர், மாங்கா எல்லாம் வந்து மாட்டின. வரியின் கடைசியில் மட்டும் பார் என்று திருத்தினாள்.

அப்போதுதான் அந்த ஆசை வந்தது. 'டி' போட்டுப் பேசியவள் என்றைக்கு 'ங்க'வுக்கு மாறினாள்? அந்த நாள் தெரிந்தால் தலைக்கனத்துக்கு ஒரு சாட்சி கிடைத்துவிடும். லின்சி அனுப்பியதில் 'ங்க'வில் முடியும் முதல் வரி எது என்று கேட்டாள். 1412 என்று பதில் வந்தது.

எடிட்டரில் 1412-ஆம் வரிக்குப் போனாள். அங்கே லின்சி இல்லை, இவளே இருந்தாள்.

"மீட்டிங்ல இருக்கேன். அப்புறம் பேசறேன்."

பத்து வருட அனுபவக்காரி செய்கிற தப்பா இது? அரே பூஜ்யத்திலிருந்து எண்ணும், எடிட்டர் ஒன்றிலிருந்து எண்ணும். அடுத்த வரியைப் பார்த்திருக்க வேண்டும். அதில் லின்சியின் பதில் இருந்தது: "சரிங்க".

கண் மேலே போனது. 1411.

"அம்மாவுக்குக் கேன்சராம்டி. இப்பத்தான் டாக்டர் சொன்னாரு. பயமா இருக்குடி. கூப்பிடட்டுமா?"

அதற்குப் பிறகு இவள் கூப்பிடவே இல்லை. அது என்ன மீட்டிங் என்றுகூட இப்போது நினைவில்லை. விடுதிக்கு வரும்போதெல்லாம் இவளுக்கும் சேர்த்துப் பருப்புப்பொடி இடித்துக் கொண்டுவந்தவர் லின்சியின் அம்மா ஜெயக்கொடி. வெட்கத்தில் இளவேனிலுக்குக் காது சுட்டது. போனை எடுத்து லின்சியைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க" என்றாள் லின்சி.

"லின்சி, அம்மாவுக்கு இப்ப எப்படிடி இருக்கு?"

"அம்மா தவறி ரெண்டு வருசமாச்சுங்க."

இளவேனில் அழுதுவிட்டாள். "எனக்கு ஏண்டி சொல்லலை?"

"சொல்லோணும்னு தோணலீங்க."

அதில் கோபமே இல்லை. ஏசியிருந்தால், போடி என்று போனை வைத்திருந்தால்கூட இளவேனில் பிழைத்திருப்பாள்.

"நான் அங்க வரட்டுமா?"

"வாங்க. ஊட்டுலதான் இருக்கறேனுங்க."

கூரியர்காரர் கேட்டிருந்தாலும் லின்சி இதையேதான் சொல்லியிருப்பாள். அது இளவேனிலுக்குப் புரிந்தது. வாரேன்டி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"வாரேனுங்க" என்றாள்.