தம்பிக்குப் பார்க்கப் போன டெஸ்ட்

கட்டட வேலையில் கிரேன் ஓட்டும் தம்பியை அங்கே எல்லோரும் ‘உச்சாணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். தினமும் எழுபது மீட்டர் ஏணியேறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காருபவர். அவருக்கு நாற்பத்தெட்டு முடிந்ததும் அக்கா டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டார். அப்பா நாற்பத்தொன்பதாவது வயதில், காலையில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டவர்.

“நெஞ்சு வலிக்கல, மூச்சு வாங்கல. எனக்கென்னக்கா?” என்று தம்பி நழுவப் பார்த்தார்.

“அப்பாவுக்கு மட்டும் லெட்டர் போட்டுட்டா வந்துச்சு? கிளம்பு.”

அக்கா துணி ஆலையில் வெட்டுப் பிரிவின் மேற்பார்வையாளர். முப்பது பேரை மேய்ப்பவருக்குத் தம்பி எம்மாத்திரம்.

டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். ரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்தார். கொழுப்பு, சர்க்கரை எல்லாம் கட்டுக்குள் இருந்தன. தம்பி சிகரெட்டைத் தொட்டதே இல்லை.

“வருஷா வருஷம் இதையே பார்த்துக்குங்க. போதும்.”

அக்கா விடவில்லை. “ட்ரெட்மில்ல ஓடவிட்டுப் பாருங்க டாக்டர்.”

“எந்தத் தொந்தரவும் இல்லாதவங்கள ஓடவிட்டா, சில நேரம் இல்லாத வியாதிய இருக்குற மாதிரி காட்டும்மா. அப்புறம் அது இல்லன்னு நிரூபிக்க ரத்தக்குழாய்க்குள்ள வயர் விட்டுப் பார்க்கணும். தேவையா?”

“எங்கப்பா அப்படிப் போனாரே?”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “அவர் உங்களுக்கும் அப்பாதானேம்மா? நீங்க எப்போ பார்த்தீங்க?”

பிரஷர் பார்க்க அக்கா கையை நீட்டினார். நூற்றெழுபது.

“படியேறி வந்தேன். அதான்.”

பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார்கள். நூற்று அறுபத்தாறு.

ஒரு வாரம் ஆலை நர்ஸ் தினமும் குறித்தும் எண் இறங்கவில்லை. கொழுப்பும் கூடுதலாகவே இருந்தது. இரண்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள்.

“ஒரு தலைவலிகூட வந்ததில்லடா எனக்கு,” என்றார் அக்கா, மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. பயந்துபோயிருந்தது குரலிலேயே தெரிந்தது. தம்பி கேலி செய்ய நினைத்ததை விழுங்கிக்கொண்டு தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தார்.

முதல் வாரம் தலை சுற்றியது. டாக்டரம்மா அளவைக் குறைத்தார். மூன்றாம் மாதம் பிரஷர் நூற்றுமுப்பதுக்கு வந்தது.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் அக்கா தன் பிரிவுப் பெண்களிடம் எல்லாவற்றையும் சொன்னார். “எனக்கு ஒண்ணுமில்லன்னு யாராவது சொன்னீங்க, தொலைச்சிடுவேன்.”

நால்வர் எழுந்து நர்ஸ் அறைக்குப் போனார்கள். மூவர் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். வெட்டுமேசையில் துணி விரிக்கும் பெண் மட்டும் கையில் ஒரு சீட்டோடு வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எந்த டாக்டர்க்கா அது?”