அரை மணி நேரம்

பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அப்பாக்களில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தவர் லேத்துக்காரர் ஒருவர்தான். மூன்றாம் வகுப்பு டீச்சர் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார்: தினமும் அரை மணி நேரம், வீட்டில் யாராவது ஒருவர் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வைக்க வேண்டும்.

"இவரைப் பாருங்க, இப்படி இருக்கணும்" என்று டீச்சர் எல்லோர் முன்னாலும் சொன்னாள். பட்டறையில் நூலளவு பிசகினாலும் இரும்பைத் தூக்கிக் குப்பையில் எறிகிற மனுஷர், அன்று கூச்சத்தில் தலை நிமிரவே இல்லை.

மூன்று வாரம் கழித்து, வகுப்பே 'வாலு' என்று கூப்பிடுகிற அவர் மகள், கரும்பலகையில் எழுத வந்தவள் சாக்பீஸைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டாள். டீச்சர் அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் கணுக்கள் வீங்கி, நகத்தடியில் ரத்தம் கட்டியிருந்தது.

"யாரும்மா அடிச்சது?"

"யாரும் அடிக்கல டீச்சர். அரை மணி நேரத்துல ஆச்சு."

டீச்சர் தலைமையாசிரியரிடம் ஓடினாள். "நாளைக்கு வரச் சொல்லி விசாரிக்கலாம்" என்றார் அவர். அவரோடு மல்லுக்கட்டிவிட்டு வெளியே வருவதற்குள் மணி அடித்து, வாலு வீட்டுக்குப் போய்விட்டாள். டீச்சர் பின்னாலேயே போனாள்.

இரண்டாவது மாடிப் படி ஏறும்போதே தையல் மெஷின் விடாமல் ஓடுவது கேட்டது. அதற்கு நடுவே சுளீர், சுளீர் என்று வேறொரு சத்தம். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினாள்.

லேத்துக்காரர் நாற்காலியில் இருந்தார். கையில் பட்டறை இரும்பு ஸ்கேல். எதிரே வாலு மேசைமேல் கையை விரித்து வைத்திருந்தாள். யாரும் பிடித்து வைக்கவில்லை, அவளாகவே வைத்திருந்தாள். சன்னலோரம் அம்மா முதுகைக் காட்டியபடி மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூலே இல்லை. அது சும்மா துணியைக் குத்திக்கொண்டிருந்தது.

"வாங்க டீச்சர்." மரியாதையாக எழுந்தார். "இருபது நிமிஷம் ஆச்சு. இன்னும் பத்து இருக்கு."

"ஸ்கேலைக் கீழ வைங்க."

"நீங்கதானே உட்காரச் சொன்னீங்க? ஒரு நாள் தவறாம உட்காருறேன். ஒரு பக்கத்துல ஒன்பது தப்பு. தப்புக்கு ஒண்ணு."

"உட்காரத்தான் சொன்னேன். கையை உடைக்கச் சொல்லல."

"எனக்கு யாரும் இப்படி உட்காரல டீச்சர். உட்கார்ந்திருந்தா நான் ஏன் இரும்புத்தூள் தின்னுக்கிட்டு இருக்கேன்?" மகளைப் பார்த்தார். "படி."

வாலு படித்தாள். மூன்றாவது சொல்லில் நாக்குப் புரண்டது. ஸ்கேல் மேலே போனது. டீச்சர் குறுக்கே கையை நீட்டிவிட்டாள். விளிம்பு அவள் மணிக்கட்டைப் பிளந்தது; பாடப் புத்தகத்தில் ரத்தம் கொட்டியது. அதைப் பார்த்து அவருக்கு வெட்கம் வரவில்லை, வெறிதான் வந்தது.

"புத்தகத்தைப் பாழாக்கிட்டீங்களே!" தோளைப் பிடித்து டீச்சரைக் கதவு நிலையில் மோதினார். அவளுக்குக் கண் இருட்டியது. வாலு ஓடிவந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். "சரியாப் படிச்சிடறேன்பா! டீச்சரை விடுப்பா!" அவர் காலை உதறினார். அவள் முகம் மேசை விளிம்பில் போய் இடித்தது. முன்பல் ஒன்று தரையில் தெறித்தது.

மெஷின் நின்றது.

அம்மா மெஷின் பக்கத்தில் சூடாயிருந்த இஸ்திரிப் பெட்டியை ஒயரோடு பிடுங்கி அவர் தோளில் அழுத்தினாள். சதை பொசுங்கும் வாடை கிளம்பியது. அலறிக்கொண்டு திரும்பியவரின் முழங்கையில் அதையே ஓங்கிப் போட்டாள். எலும்பு முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஸ்கேல் விழுந்தது.

"இன்னொரு தரம் இவமேல கை வச்சே, அந்தக் கையே இருக்காதுடா!" பத்து வருஷமாக 'என்னங்க' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாத வாய் அது.

அக்கம்பக்கம் ஓடிவந்தது. போலீஸ் வந்தது. மணிக்கட்டில் ஏழு தையலோடு டீச்சர் வாக்குமூலம் கொடுத்தாள். கூட்டத்தில் அவரைப் புகழ்ந்ததையும் மறைக்கவில்லை. "அது வழக்குக்குத் தேவைப்படாதும்மா" என்று இன்ஸ்பெக்டர் அதை மட்டும் எழுதாமல் விட்டார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

லேத்துக்காரர் அந்த வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவானது. கட்டுப்போட்ட கையோடு அண்ணன் வீட்டில் இருந்தார். பாப்பா இப்போது எந்தப் பாடம் படிக்கிறாள் என்று ஒருமுறை ஆள்விட்டுக் கேட்டார். டீச்சர் பதில் சொல்லி அனுப்பவில்லை.

அந்த வாரமே அம்மா பள்ளிக்கு வந்தாள். "நான் அஞ்சாவது தாண்டல டீச்சர். நான் உட்கார்ந்து என்ன ஆகப்போகுது? இத்தனை நாளும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன், மெஷினை ஓட்டிக்கிட்டு."

"நானும்தான் மூணு வாரமா எப்படி உட்காருறார்னு கேக்காம விட்டேன்" என்றாள் டீச்சர். "நீங்க சும்மா பக்கத்துல இருங்க. தப்பா படிச்சா படிக்கட்டும். அதைக் காலையில நான் பார்த்துக்கறேன்."

சனிக்கிழமைகளில் டீச்சரே வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். முதல் மாதம் வாலு வாயைத் திறப்பதற்குள் வியர்த்துவிடும். ஒரு சொல் தடுக்கினால் சட்டென்று பேச்சு நின்றுவிடும். பிறகு எத்தனை கெஞ்சினாலும் வராது. அம்மா அவசரப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் பாதிக் கதையில் வாலு நிறுத்தினாள்.

"தப்பாப் படிச்சேனாம்மா?"

"எனக்கெங்கடி தெரியும்? அந்த நரி கிணத்துல விழுந்துச்சா இல்லையா, அதைச் சொல்லு மொதல்ல."

வாலு விழுந்த பல்லின் சந்தில் நாக்கை ஒருமுறை விட்டுப் பார்த்துக்கொண்டு, அடுத்த வரியை எழுத்துக்கூட்டத் தொடங்கினாள்.