புதியவர்கள் உடனே மோதலாம்

என் தம்பி பூபதி மாசி மாதம் கிக்பாக்ஸிங் வகுப்புக்குப் போனான். இப்போது ஐப்பசி. முதல் வகுப்பு இன்னும் முடியவில்லை.

அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் பல வீடுகளில் இப்படித்தான். ஆனால் இன்று காலை அம்மா இறந்துவிட்டாள். கொள்ளி வைக்க அவன் ஒருவன்தான் மகன். அவனைக் கூட்டி வர நான் கிளம்பினேன். என் கணவர் தண்டபாணியும் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை இருந்தால்தான் வருவேன் என்று அடம்பிடித்துவிட்டு வந்தார். எழவு வீட்டிலும் மனிதருக்கு மடிப்புக் கலையக் கூடாது.

வகுப்பு மெத்தைக் கடைக்கு மேலே முதல் மாடியில் நடக்கிறது. நாங்கள் பாதி ஏறியபோது அது மூன்றாவது மாடி ஆகிவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். மறுபடி முதல் மாடி ஆனதும் உள்ளே போனோம். வாசலில் பலகை இருந்தது. 'புதியவர்கள் வந்த உடனே மோதலாம்.'

எங்கள் எதிர்வீட்டு நாச்சிமுத்து சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தார். அவர் குத்துப்பை ஆகிவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். சிவப்பு ரெக்ஸின் அவருக்கு எடுப்பாகவே இருந்தது.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்றார்.

"காலைல தவறிட்டாங்க."

"அடடா."

ஒருவர் வந்து அவரை நாலு குத்துக் குத்திவிட்டுப் போனார். நாச்சிமுத்து ஆடி நின்ற பிறகு, "எப்பங்க எடுக்கறீங்க?" என்று கேட்டார்.

"பூபதி வந்ததும்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பூபதி ரிங்குக்குள் இருந்தான். இளைத்துப்போயிருந்தான். ஒரு வங்கி மேலாளரை வீழ்த்திவிட்டு என்னைப் பார்த்தான். மேலாளர் எழுந்து கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நான் மாஸ்டரிடம் போனேன். அவர் கழுத்தில் விசில் இருந்தது. முகத்தில் மூக்கு இருந்த தடம் மட்டும் இருந்தது.

"தம்பியக் கூட்டிட்டுப் போகோணுங்க. அம்மா தவறிட்டாங்க."

"தாராளமாப் போகட்டும். விழுந்தாப் போலாம்."

"விழலைன்னா?"

"நிக்கோணும்."

"இப்ப ஒருக்கா விழச் சொல்லுங்களேன்."

"தானா விழுந்தா செல்லாதுங்க. எதிர்ல இருக்கறவங்க அடிச்சு விழோணும்."

பூபதி கயிற்றில் சாய்ந்தபடி சொன்னான். "நானும் எல்லார் முன்னாலயும் முகத்தக் காட்டிப் பார்த்துட்டேன்க்கா. யாருக்கும் அடிக்கத் தெரியல. வர்றதெல்லாம் புதுசு. என்ற கை சும்மா இருக்க மாட்டேங்குது."

அம்மா இறந்ததைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவான். எனக்குத் தெரியும்.

மருமகன் என்ற முறையில் தண்டபாணி முதலில் இறங்கினார். சட்டையைக் கழற்றவில்லை. காலைத் தூக்கி உதைத்தார். அது பூபதியின் தொடையில் நன்றாகவே பட்டது. எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆனால் நம் ஊர்ப் பக்கம் ஒருவர் மேல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கும்பிடுவது வழக்கம். தண்டபாணி, "அய்யோ, மாப்ள" என்று குனிந்து பூபதியின் தொடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் இரண்டு கைகளும் கண்ணில் இருந்தபோது பூபதியின் குத்து தாடையில் விழுந்தது.

"எல்லாரும் இந்த எடத்துலதான் விழறாங்க" என்றார் மாஸ்டர். "வெளிநாட்டுல இந்தத் தொழில் இவ்வளவு சுலபம் இல்லீங்க."

தண்டபாணி சட்டையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்தது நான். மாஸ்டர் அரை மணி நேரம் தேடி என் அளவுக்குக் கையுறை எடுத்துக் கட்டிவிட்டார். கால் பட்டாலும் குனியக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போது படியில் சத்தம் கேட்டது. தண்டபாணியும் பங்காளிகளும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மகன் அம்மாவிடம் வர முடியாவிட்டால் அம்மாவை மகனிடம் கொண்டுபோய்விடுவது என்று வீட்டில் பேசி முடிவு செய்திருந்தார்கள். மாடி நடுவில் உயர்ந்துவிட்டதால் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

மாஸ்டர் பெட்டியின் கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தார்.

"இவங்க முன்னால இங்க வந்திருக்காங்களா?"

"இல்லீங்க."

"எப்பத் தவறினாங்க?"

"காலைலதானுங்க."

"அப்ப உங்களவிட இவங்கதான் புதுசு. மொதல்ல இவங்க."

பங்காளிகள் பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். அம்மா பெட்டியிலிருந்து எழுந்து வந்தாள். தாடையைச் சுற்றிக் கட்டு இருந்தது. மூக்கில் பஞ்சு இருந்தது. கால் பெருவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததால் தத்தித் தத்திப் போனாள். நெற்றியில் நாணயம் ஒட்டியிருந்தது. அவள் நடமாடுவதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

விசில் ஊதியதும் பூபதியின் கால் தானாக உயர்ந்தது. பழக்கம். கடைசி நொடியில் இழுத்துக்கொண்டான். ஆனாலும் பாதம் அம்மாவின் முழங்காலில் பட்டுவிட்டது.

இத்தனை மாதம் யாரிடமும் குனியாதவன் குனிந்தான். அம்மாவின் காலைத் தொட்டான். கையுறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அம்மா அவன் பிடரியில் அடித்தாள். அவன் விழுந்தான். மாஸ்டர் எண்ணி முடித்தும் அவன் எழுந்திருக்கவில்லை. தரையில் கிடந்தபடி ஓவென்று அழுதான்.

பங்காளிகள் அம்மாவைத் தூக்கப் போனார்கள். மாஸ்டர் விசில் ஊதினார்.

"மகன் போலாம். அம்மா விழலீங்களே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பங்காளிகளில் ஒருவரும் கையுறையைத் தொடவில்லை. அவர்கள் எல்லாம் தூக்கத்தான் வந்தவர்கள்.

நான் உள்ளே போனேன். அம்மா பல்லைக் கடித்தபடி பேசினாள். தாடைக் கட்டு அப்படி.

"அடி, அம்முணி."

"மாட்டேன். நீ இங்கயே இரும்மா. நான் தினமும் வந்து பார்த்துக்கறேன்."

"காலு கடுக்குது."

"நாற்காலி போடச் சொல்றேன்."

"நீ விழுந்துட்டா அடுத்து எவனோ ஒருத்தன் வருவான். ஊரான் கையில என்னைய அடி வாங்கச் சொல்றியா?"

தோளில் அடித்தேன். அம்மா அசையவில்லை. "பலமா" என்றாள். மறுபடி அடித்தேன். நெற்றி நாணயம் தெறித்து உருண்டது. ஒரு பங்காளி அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "இன்னும் பலமா, சாமி" என்றாள் அம்மா. நான் கண்ணை மூடிக்கொண்டு முழு பலத்தோடு அடித்தேன்.

அம்மா விழுந்தாள். சத்தம் அதிகம் இல்லை. மாஸ்டர் மெதுவாக எண்ணினார். பத்துக்கு மேலும் கொஞ்ச நேரம் எண்ணினார்.

பூபதி தலைமாட்டைப் பிடித்துக்கொண்டான். தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நானும் பின்னால் போனேன். மாஸ்டர் வாசலில் நின்றார்.

"நீங்க விழலீங்களே."

"என்ற அம்மாவ எடுக்கறாங்க."

"பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போறதில்லீங்களே. உங்களுக்கு ஒண்ணும் நட்டமில்ல" என்று ஆறுதலாகச் சொன்னார்.

கீழே பறை அடிக்கத் தொடங்கியது. ஜன்னலுக்குப் போனேன். அப்போது மாடி மிகவும் உயரத்தில் இருந்தது. தீச்சட்டியோடு முன்னால் போவது பூபதி என்று நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

விசில் ஊதியது. எதிரே ஒரு பெரியவர் வந்து நின்றார். கையுறையை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தார்.

"பார்த்து அடிங்கம்மா. நான் புதுசு" என்றார்.

எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. முகத்தை அவரிடம் நீட்டினேன். "நீங்க அடிங்க, அய்யா. நல்லா பலமா அடிங்க. நான் வீட்டுக்குப் போகோணும்" என்றேன்.

அவர் நான் அழுவதைப் பார்த்தார். பாவம், நல்ல மனிதர். என் கன்னத்தில் லேசாகத் தட்டினார்.

நான் விழவில்லை.