முட்டியோடு இறங்கிய நாடி

நாடி இல்லாத பாதங்களை அந்த ஆஸ்பத்திரியில் பொழுது சாய்வதற்குள் எடுத்துக்கொள்வார்கள். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. பாதங்களும் ஒன்றும் சொல்வதில்லை.

நாச்சிமுத்துவின் இடது பாதம் நேற்றிலிருந்து ஜில்லென்று இருந்தது. அவர் பஸ் கண்டக்டர். நின்றே பிழைத்தவர். அவர் மனைவி வள்ளியாத்தாள் நல்லெண்ணெய் தேய்த்துப் பார்த்தாள். கம்பளி சுற்றிப் பார்த்தாள். குண்டாவில் சுடுதண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தாள். பாதம் தண்ணீரைக் குளிர வைத்ததே தவிர, தான் சூடாகவில்லை. அதற்குமேல் வீட்டில் செய்ய என்ன இருக்கிறது? கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

வார்டில் எல்லாருடைய கால்களும் பச்சைத் திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முகங்கள் திரைக்கு உள்ளே. முகம் பார்ப்பது அங்கே வழக்கமில்லை. முகம் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும்.

சிஸ்டர் பிரிசில்லா மூன்று விரல்களை வைத்துப் பார்த்தாள்.

"தொடை இடுக்குல நல்லா இருக்குது. முட்டிக்குப் பின்னால லேசா இருக்குது."

கணுக்காலின் உட்பக்கம், எலும்புக்குப் பின்னால் தொட்டாள். பாதத்தின் மேற்புறம் தொட்டாள். வெகுநேரம் தொட்டாள்.

"இல்லீங்க. முட்டியிலயே எறங்கிருச்சு."

திரைக்குள் நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. "அதெப்படிங்க எறங்கும்? கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போகோணுமில்ல?"

"எறங்கறவங்களப் புடிச்சு வெக்க முடியுங்களா?"

கண்டக்டருக்கு அது நியாயமாகப் பட்டது.

வலது பாதத்தில் நாடி இருந்தது. அது துடிக்கிற இடத்தில் சிஸ்டர் பேனாவால் பெருக்கல் குறி போட்டாள். அடுத்து வருகிறவர் தேடி அலைய வேண்டாமே. வார்டில் நிறையப் பாதங்களில் அந்தக் குறி இருந்தது. குறி போட்ட பாதங்கள் கொஞ்சம் மிதப்பாகத்தான் படுத்திருந்தன. இடது பாதத்தில் பேனா எழுதவில்லை. சிஸ்டர் உதறிப் பார்த்தாள். எழுதவில்லை.

"டாக்டர் வர்றப்ப நாடி இருந்துச்சுன்னா பாதம் உங்களுது. இல்லீன்னா எங்களுது" என்றாள்.

"எடுத்து என்னங்க பண்ணுவீங்க?" என்று வள்ளியாத்தாள் கேட்டாள்.

"வெச்சுக்குவோம்."

மத்தியானத்துக்கு மேல் கட்டில் நீள ஆரம்பித்தது. முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவில்தான் நீண்டது. கட்டில் நீண்டால் கால் நீளத்தானே வேண்டும். முதலில் பாதம் வார்டு வாசலைத் தாண்டியது. பிறகு குடிதண்ணீர்க் குழாயைத் தாண்டியது. பிறகு ஓடாத லிப்டைத் தாண்டி, கேன்டீன் பக்கமாகத் திரும்பியது. வழியில் யாரோ கால் மேல் துண்டு காயப்போட்டிருந்தார்கள். ஒருவர் அதன் மேல் டீ கிளாஸை வைத்துவிட்டு உட்காரப் போனார்.

"காலுங்க அது!" என்று வள்ளியாத்தாள் கத்தினாள்.

"மன்னிச்சுக்கோங்க அம்மிணி. பெஞ்சுன்னு நெனச்சுட்டேன்." கிளாஸை மட்டும் எடுக்கவில்லை.

கேன்டீன் பக்கம் சிஸ்டர் ஒரு மிஷினைக் கொண்டுவந்தாள். பாதத்தில் பசை தடவி அதை வைத்தாள். நாடி இருந்தால் அதில் சத்தம் வரும். வள்ளியாத்தாள் காது கொடுத்துக் கேட்டாள். கேட்டதைச் சொல்ல முகத்துக்கு நடந்தாள். நடை லேசில் தீரவில்லை.

"என்ன புள்ள, சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சுங் மாமா."

"என்ன சத்தம்?"

"ஆளில்லாத ஊட்டுல ஃபேன் ஓடற சத்தமுங்."

நாச்சிமுத்து யோசித்தார். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்கும். ரெண்டு ஊதினால் கிளம்பும். அவர் சர்வீசில் அது தப்பினதே இல்லை. ரெண்டு ஊதினார். வராந்தாவில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் விழாமல் இருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். நாடி மட்டும் கிளம்பவில்லை.

"நகருல போல" என்றார்.

"நகருலீங்."

"நீ அங்கயே போயி இரு. எனக்கெதுக்குத் தொணை? அதுதான் தனியா கெடக்குது. வெளியூர்ல வேற."

"உங்களுக்குத் தண்ணி வேணும்னா?"

"ரெண்டு விசில் ஊதறேன். கெளம்பி வந்துரு."

அவள் திரும்பி நடந்தாள். பாதம் இப்போது கேன்டீனையும் தாண்டியிருந்தது. அங்கே ஜன்னல் இருந்தது. வெயில் சுவரில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. பெருவிரல் நகத்தை அமுக்கிப் பார்த்தாள். வெளுத்தது. விட்டாள். வெளுத்தபடியே இருந்தது.

"எனக்குப் பாக்கச் சொல்லிக்குடுங்க சிஸ்டர்."

"மூணு வெரல லேசா வைங்க. அமுக்குனா இருக்கறதும் செத்துரும். கட்டை வெரல மட்டும் வெச்சுராதீங்க. அதுல உங்க நாடிதான் அடிக்கும். புதுசா வர்ற புள்ளைக அப்படித்தான் இல்லாத காலுக்கெல்லாம் இருக்குன்னு எழுதீருங்க."

வள்ளியாத்தாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மூன்று விரலை வைத்தாள். ஒன்றுமில்லை. இடம் மாற்றி வைத்தாள். கண்ணை மூடி வைத்தாள். பக்கத்தில் நீண்டு வந்திருந்த இன்னொரு கட்டிலிலிருந்து ஒரு பாதத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அது யாருடையது என்று கேட்க முகம் ஒன்றும் அருகில் இல்லை.

டாக்டரின் ஷூ சத்தம் கேட்டது. வள்ளியாத்தாள் கட்டை விரலை வைத்தாள்.

துடித்தது. அவசர அவசரமாகத் துடித்தது. பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்று ஓடுகிறபோது தன் காதுக்குள் கேட்கிற அடிதான் அது. அவளுக்குத் தெரியாதா? இருந்தாலும் விரலை எடுக்கவில்லை.

டாக்டர் முகம் பார்க்கிறவர் இல்லை. அவள் விரலை ஒட்டித் தன் விரலை வைத்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இருக்கு" என்றார்.

சிஸ்டர் பேனாவை நீட்டினாள். இந்த முறை எழுதியது. பெருக்கல் குறியின் ஒரு கை பாதத்தில் விழுந்தது. இன்னொரு கை வள்ளியாத்தாளின் நகத்தின் மேல் ஏறிப் போனது.

"அப்பப் பாதம் எங்களுதுங்களா?"

"உங்களுதுதான். வெரல எடுக்காத வரைக்கும்" என்றாள் சிஸ்டர்.

"எப்பங்க எடுக்கலாம்?"

"எடுக்கக் கூடாது."

"அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு ஓடியாந்தர்றனுங்க."

"போயிட்டு வாங்க. வெரல இங்க வெச்சுட்டுப் போங்க."

டாக்டர் அடுத்த பாதத்துக்குப் போனார்.

நாச்சிமுத்துவின் பாதம் மெல்லச் சிவந்தது. நகத்துக்கு நிறம் வந்தது. கொஞ்ச நேரத்தில் வெதுவெதுப்பாகிவிட்டது. வள்ளியாத்தாளுக்கு அழுகை வந்தது. இதைப் போய் அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் பொய்க்கோபத்தோடு, "அப்பறம்? டிக்கெட் எடுத்தவன் போய்த்தானே ஆகோணும்?" என்பார். அதைக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

தன் கால்கள் ஜில்லிட்டிருப்பதை அவள் பிறகுதான் கவனித்தாள்.

சிஸ்டர் பிரிசில்லாவும் கவனித்தாள். குனிந்து வள்ளியாத்தாளின் கணுக்காலுக்குப் பின்னால் மூன்று விரலை வைத்தாள். பாதத்தின் மேல் வைத்தாள்.

"உங்களுதும் எறங்கிருச்சுங்க."

"நான் சீக்கு இல்லீங்க சிஸ்டர். கூட வந்தவ."

"பாதத்துல அதெல்லாம் எழுதியிருக்காதுங்க."

வள்ளியாத்தாள் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"டாக்டர் மறுக்கா இந்தப் பக்கந்தான் வருவாரு" என்றாள் சிஸ்டர். குரலில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. "உங்க கால்ல கை வெக்க யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காருங்க."

"எங்க?"

"இதே காலு கோடியில."

சிஸ்டர் காலைப் பார்த்தாள். அது கேன்டீன் மூலையில் திரும்பிக் கண்ணுக்குத் தப்பியது. மேலே துண்டு காய்ந்துகொண்டிருந்தது. டீ கிளாஸ் அப்படியே இருந்தது.

"கூப்பிடுங்களேன்."

வள்ளியாத்தாளிடம் விசில் இல்லை. "மாமா!" என்று கூப்பிட்டாள். கேன்டீனில் நாலைந்து பேர் திரும்பினார்கள். அவரவருக்கும் ஒருத்தி கூப்பிடுவதாகத் தோன்றியிருக்கும்.

கட்டில் இன்னும் கொஞ்சம் நீண்டது. அவளும் நாற்காலியோடு நகர்ந்தாள். வெயில் ஜன்னலை விட்டுப் போய்விட்டது. ஷூ சத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அப்போது வெகு தொலைவில், ஊர் எல்லையில் போகிற கடைசி பஸ்ஸிலிருந்து வருவதுபோல, விசில் கேட்டது.

ரெண்டு.

வராந்தாவில் எல்லாரும் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். வள்ளியாத்தாள் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.