அரக்கோணத்தில் யாரோடு

திருத்தணி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்டுச் சுவரில் யார் வேண்டுமானாலும் கரியால் எழுதலாம். எழுதியவர் பெயர் போடக் கூடாது. அழிக்கவும் கூடாது, பிடிக்காவிட்டால் கீழே பதில் எழுதலாம். யாரும் போட்ட சட்டமில்லை, எல்லோரும் மதித்தார்கள். ஆடிக் கிருத்திகைக்கு வெள்ளையடித்தால்தான் பழையது போகும். எப்போதும் தாமதமாக வரும் ஒரு பஸ்ஸுக்கு ‘ஜமீந்தார்’ என்று பெயர் வைத்தது அந்தச் சுவர்தான். கொஞ்ச நாளில் தாலுகா ஆபீசில் நாங்களும் அப்படியே சொன்னோம்.

என் மனைவி தமயந்தி இறந்த பிறகு தினமும் அதைப் படித்தேன். அது ஒன்றுதான் என்னிடம் துக்கம் விசாரிக்கவில்லை.

மாசியில் ஒரு சனிக்கிழமை காலை புதிதாக ஒரு வரி இருந்தது: ‘கோமளவல்லி அரக்கோணத்தில் யாரோடு சினிமா பார்த்தாள்?’

கோமளவல்லி, ஸ்டாண்டு நடத்தும் சிங்காரத்தின் தங்கை. மறுநாள் அவளைப் பெண் பார்க்கப் பொதட்டூர்பேட்டையிலிருந்து வருகிறார்கள். சிங்காரம் ஈரத்துணியோடு நின்றிருந்தான்.

“தொடச்சா கரி பரவிகினே போவுது சார். எதையோ மறைக்கிறான்னு ஆயிடும். பஸ்ஸ விட்டு எறங்கனா இதான் மொதல்ல கண்ல படும்.”

அவள் எங்கும் போகவில்லை என்று கீழே எழுதலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். மறுத்தால் இன்னும் நாலு பேர் கிண்டுவார்கள்.

சாயங்காலம் அவன் டீ குடிக்கப் போனபோது ஒரு கரித்துண்டை எடுத்தேன். அந்த வரிக்குக் கீழே எழுதினேன்: ‘தாலுகா ஆபீஸ் வரதராஜன் அரக்கோணத்தில் யாரோடு சினிமா பார்த்தான்?’

வரதராஜன் நான்தான்.

ஞாயிறு காலை சுவரில் இடமில்லை. தாசில்தார் யாரோடு பார்த்தார், கண்டக்டர் கஜபதி யாரோடு பார்த்தான், பஸ் ஸ்டாண்டுக் காளை யாரோடு பார்த்தது, ஜமீந்தார் இடைவேளைக்காவது போய்ச் சேர்ந்தாரா. கோமளவல்லியின் வரியைத் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

பொதட்டூர்பேட்டைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் நைனா நின்று சுவர் முழுவதையும் படித்தார். சிங்காரம் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தான்.

“எங்க ஊர்க்காரன் ஒருத்தன் பேரு கூட இல்லியே,” என்றார் அவர். “நாங்கள்லாம் சினிமா பாக்க மாட்டமா? கரி எங்கப்பா?”

சிங்காரம் எடுத்துக் கொடுத்தான். அவர் தன் பெயரையே போட்டு அதே கேள்வியை எழுதிவிட்டு, பெண் வீட்டுக்கு வழி கேட்டார்.

எல்லோரும் போன பிறகு என் வரியைப் பார்த்தேன். கீழே சின்ன எழுத்தில் யாரோ பதில் எழுதியிருந்தார்கள்.

‘தமயந்தியோடு. பெஞ்சு டிக்கெட். ஒரே முறுக்கைப் பிட்டுப் பிட்டுத் தின்றார்கள்.’

உண்மைதான். அன்று எங்களைப் பார்த்தது யார் என்று தெரியவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு வெள்ளையடிக்க இன்னும் ஐந்து மாதம் இருந்தது.