மைக் இல்லாத ஈஸ்டர்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலமான லெந்து தொடங்குவதற்கு முன்பே எனக்கும் பாஸ்டருக்கும் முட்டிக்கொண்டது. ஊதா நிறத் துணியை மாட்டி, சோகப் பாட்டாகப் பொறுக்கிப் பாடி, ஈஸ்டரன்று ஒலிபெருக்கி அதிர ஒரு பாட்டோடு முடித்துவிடலாம் என்றார் அவர். நான் பாடகர் குழுவை நடத்துகிறவள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

"பாதிப் பேர் தூங்குறாங்க பாஸ்டர். மீதிப் பேர் அவங்களை வேடிக்கை பாக்குறாங்க. இந்த வருஷம் வேற மாதிரி செய்வோம்."

அங்கி மாட்டும் அறையில், அடுக்கி வைத்த நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து என் திட்டத்தைச் சொன்னேன். வாராவாரம் ஒரு சத்தத்தை நிறுத்த வேண்டும். முதலில் ஆர்கன். அப்புறம் கிட்டார், அதற்கப்புறம் பாடகர் குழு, பிறகு மைக். இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளியன்று முழு மௌனம். ஈஸ்டர் விடியற்காலையில், விளக்கு ஏற்றாத ஆலயத்தில் ஒரு பெண் நடந்து வந்து முதல் பெஞ்சில் இருப்பவர் காதில் இயேசு உயிர்த்தெழுந்த செய்தியைச் சொல்வாள். அது காதுக்குக் காது பரவிக் கடைசி பெஞ்சுக்குப் போனதும், அங்கே மணி அடிக்கும். உடனே நிறுத்தி வைத்த சத்தமெல்லாம் ஒன்றாகத் திரும்பி வரும்.

"மைக்கையும் நிறுத்திட்டா நான் எதுக்கு? வீட்லயே இருந்துடவா?" என்றார் கூட உட்கார்ந்திருந்த அத்தான், என் அக்காவின் கணவர். ஆலயத்தின் மைக், ஸ்பீக்கர் எல்லாம் அவர் பொறுப்பு.

"அந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார் பாஸ்டர்.

"அக்கா" என்றேன். அத்தான் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

ஈஸ்டரன்று பாட்டின் முதல் அடியைத் தனியாகப் பாடுவது என் அக்காவின் வழக்கம். போன வருடம் தைராய்டு ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது குரல் உடைந்திருந்தது. பேசப் பேசத்தான் தேறும், கிசுகிசுக்கக் கூடாது என்று பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். உடைந்த குரலை ஒருமுறை தன் காதாலேயே கேட்டவள், அதோடு சரி. கடைக்காரரிடமும் கிசுகிசுப்பு, பெற்ற பிள்ளைகளிடமும் கிசுகிசுப்பு. பாடகர் குழு அங்கியை இஸ்திரி போட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். லெந்துத் திட்டம், புதுமை என்று நான் ஊருக்கு என்ன சொன்னாலும், அவளை மறுபடி முன்னால் கொண்டுவருவதுதான் என் நோக்கம்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "பரிதாபமா?" என்றாள், கிசுகிசுப்பாகவே.

"பின்ன, என் அக்காமேல பரிதாபப்படாம பக்கத்து வீட்டுக்காரிமேலயா படுவேன்? இயேசுவோட கல்லறைக்குப் போன பொம்பளைங்க என்ன ராகம் போட்டா பாடினாங்க? பயந்து ஓடி வந்து, மூச்சு வாங்கத்தானே சொல்லியிருப்பாங்க? அதுக்கு இந்தக் குரல் போதும்."

கடைசியில் அவள் இறங்கி வந்தாள். "காதுல சொல்றேன். அதுக்கு மேல ஒண்ணும் எதிர்பாக்காதே."

சத்தியம் செய்து கொடுத்தேன்.

லெந்து வாரங்கள் எனக்குப் பெரிய வேடிக்கை. ஆர்கன் நின்றதும் யார் யார் சுருதி எங்கெங்கே போகிறது என்பது வெட்டவெளிச்சமானது. மைக் நின்றதும் பாஸ்டரின் பிரசங்கம் பாதியாகக் குறைந்தது; சபையார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பெரிய வெள்ளியன்று மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் விசும்பியதை நாங்கள் எல்லோருமே கேட்டோம்.

ஈஸ்டர் வந்தது. ஜன்னல்கள் லேசாக வெளுக்கத் தொடங்கியிருந்தன. அக்கா நடுவழியில் நடந்து வந்து முதல் பெஞ்சின் ஓரத்தில் குனிந்தாள். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எங்கள் ஆலயத்தில் முதல் பெஞ்சு காது மந்தமானவர்களுடையது. ஸ்பீக்கர் பக்கத்தில் இருக்கிறது என்று காலங்காலமாக அங்கேதான் உட்காருவார்கள். எல்லாவற்றையும் திட்டம் போட்ட மகராசி நான், இதைக் கோட்டைவிட்டிருந்தேன். ஓரத்தில் இருந்தவர் அச்சாபீஸ் தாத்தா. வாழ்நாளெல்லாம் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்று காதைப் பறிகொடுத்தவர்.

"என்னம்மா? கேக்கல" என்றார்.

அக்கா மறுபடி குனிந்தாள்.

"ஒண்ணுமே கேக்கலையே. சத்தமாச் சொல்லும்மா."

ஆலயம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா என்னைப் பார்த்தாள். சத்தியம் பண்ணினாயே என்கிற அந்தப் பார்வைக்கு எனக்கு உயிரே போய்விட்டது. அத்தானின் கை மைக் சுவிட்சுக்குப் போனது. நானே ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தும்விட்டேன்.

அதற்குள் தாத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத்தானே சொல்ல வந்தே? சொல்லாமப் போயிடாதே" என்றார்.

அக்கா நிமிர்ந்தாள். தொண்டையில் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

"அவர் உயிரோட இருக்காரு!"

குரல் நடுவில் இரண்டாக உடைந்தது. கரகரத்தது, ஓரிடத்தில் காற்று மட்டும் வந்தது. ஆனாலும் கடைசி பெஞ்சுவரை போய்ச் சேர்ந்தது.

தாத்தாவின் முகம் மலர்ந்தது. "இப்பக் கேட்டுச்சு!" என்றவர், பக்கத்திலிருந்த ஒரு வயதான அம்மாவிடம் திரும்பி, "உயிரோட இருக்காராம்!" என்று கத்தினார். அந்த அம்மாவுக்கும் காது கேட்காது. அவர் அடுத்தவரிடம் இன்னும் பலமாகக் கத்தினார். சபையே சிரித்தது, அழுதது. ரகசியமாகப் போகவேண்டிய செய்தி, பெஞ்சு பெஞ்சாகக் கூச்சலாகவே போனது. மணி அடிக்க நின்றவர், தன் முறை எப்போது என்று தெரியாமல் அடித்துத் தள்ளிவிட்டார்.

நான்தான் பாட்டைத் தொடங்க வேண்டும். வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. பாடகர் குழு மொத்தமும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஏண்டி, ஊரையெல்லாம் பேசுற வாய், இப்ப என்ன ஆச்சு?" என்றாள் அக்கா. கிசுகிசுப்பாக இல்லை, அந்த உடைந்த குரலிலேயே. நான் அழுதுகொண்டே தலையை ஆட்டினேன். பாட்டின் முதல் அடியை அவளே எடுத்தாள். வழக்கமான சுருதியைவிட வெகுவாக இறங்கியிருந்தது. ஆர்கன்காரர் அவசரமாகக் கட்டைகளை மாற்றித் தேடினார். நாங்கள் எல்லோரும் அவள் சுருதிக்கு இறங்கிப் பாடினோம்.