பேர் சொன்னால் எழுந்து நிற்க வேண்டும்

கெல்லர் மேட்டில் யார் வெள்ளை, யார் கறுப்பு என்று முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியவன் இன்னும் பிறக்கவில்லை. ஓரலீ பிளெவின்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நீலக் கண்; நரைப்பதற்கு முன் தலைமுடி வைக்கோல் நிறம்; வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் மூக்குத் தோல் உரிந்துவிடும். ஆனால் அவள் கறுப்பினத்துக்காரி. அவள் அம்மாவும் அப்படித்தான், அந்த அம்மாவைப் பெற்றவளும் அப்படித்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்த பெண் ஒருத்தி பேனாவைப் பிடித்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தபோது, "கறுப்புன்னே எழுதும்மா, மை தீந்துடாது" என்று அனுப்பிவைத்தாள்.

கறுப்பர் என்பது மேட்டுக்காரர்கள் தாங்களாகத் தேடிக்கொண்ட பேர் இல்லை. கீழே இருக்கும் வேலண்ட் ஊர்க்காரர்கள் கட்டிவிட்டது. பூட்டன்களில் ஒருவர் கறுப்பர், பூட்டிகளில் ஒருத்தி பழங்குடி, மற்றவர்கள் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். இந்த வம்சக் கணக்கெல்லாம் வேலண்டுக்கு எதற்கு? மேட்டுக்காரன் என்றால் கறுப்பன், முடிந்தது பேச்சு. ஓட்டலில் உட்கார விடமாட்டார்கள், முடி வெட்டமாட்டார்கள். ஒரு கட்டத்தில் மேட்டுக்காரர்களுக்கும் ரோஷம் வந்தது. சரிதான் போங்கடா, கறுப்பர்கள்தான் நாங்கள் என்று அந்தப் பேரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பின்னால் காலம் மாறி, நல்ல மனசோடு யாராவது "நீங்க பாக்க அப்படி இல்லையே" என்று சொன்னால்கூட அவர்களுக்குக் கோபம்தான் வந்தது.

எல்லாருக்கும் அந்த ரோஷம் இருந்ததா என்றால், இல்லை. ஊரை விட்டு ஐம்பது மைல் தள்ளிப் போனால் கெல்லர் மேடு என்ற பேரே யாருக்கும் தெரியாது. அங்கே போய் வெள்ளைக்காரர்களாகவே வாழ்ந்து செத்தவர்கள் உண்டு. அதற்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

ஓரலீயின் ஒரே மகள் மார்லாவும் கொலம்பஸ் நகரத்தில் அப்படித்தான் இருந்தாள். "நான் ஒண்ணும் பொய் சொல்லலைம்மா. யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்பாள். பல் மருத்துவமனையில் வேலை, நல்ல வீடு, இப்போது ட்ரெவர் என்று ஒரு பையனோடு கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. ஆகஸ்டில் மேட்டுக்காரர்கள் எல்லாரும் தேவாலயத்தில் ஒன்றுசேரும் கூடுகை ஞாயிறன்று மட்டும் அவள் ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அன்றைக்குத்தான் சபையில் பேர் கூப்பிடுவார்கள்.

மூப்பர் வெண்டல் முன்னால் வந்து நின்று மேட்டுக் குடும்பங்களின் பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். அந்த ரத்தம் உள்ளவர்கள் எழுந்து நிற்க வேண்டும். எத்தனை பேர் என்று குடும்பத்தில் மூத்தவர் உரக்கச் சொல்ல வேண்டும். மருமகன், மருமகளுக்கெல்லாம் அதில் இடமில்லை; அவர்கள் உட்கார்ந்திருந்து கைதட்டலாம். எழுந்து நிற்க ஆளில்லாத பேரை மறு வருஷம் கூப்பிடமாட்டார்கள், அதற்குப் பிறகு எப்போதுமே கூப்பிடமாட்டார்கள். ஓரலீயின் பிறந்த வீட்டுப் பேரான பிளெவின்ஸைச் சொன்னால் ஒரு காலத்தில் இரண்டு பெஞ்சு முழுக்க எழுந்திருக்கும். இப்போது ஓரலீ ஒருத்திதான். தன்னோடு பேர் போய்விடும் என்ற எண்ணம் பல்வலி மாதிரி அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது. மகள் அருகில் இருந்திருந்தால் அந்த வலியில் பாதி இருந்திருக்காது.

ஆகையால்தான் ட்ரெவர் போனில் பேசியபோது ஓரலீ கொஞ்சம் விஷமம் செய்தாள். "ஞாயித்துக்கிழமை சபையில விருந்து தம்பி. கோழி பொரிப்போம், சோள ரொட்டி, பழம் வெச்சு சுட்ட இனிப்புப் பலகாரம் எல்லாம் உண்டு" என்று சொல்லிவைத்தாள். சாப்பாட்டுப் பிரியன் அவன். விடுவானா?

சனிக்கிழமை வந்து இறங்கினார்கள். ட்ரெவர் நல்ல பையன். அதுதான் ஓரலீக்குச் சங்கடம். வந்ததும் சாக்கடைக் குழாயில் அடைப்பை எடுத்தான், "அத்தைன்னே கூப்பிடட்டுமா?" என்று கேட்டான். அவன் கார் கழுவப் போன சமயம் பார்த்து மார்லா சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"எதுக்கும்மா அவர்கிட்ட விருந்துன்னு சொன்ன?"

"விருந்துக்குக் கூப்பிடறது குத்தமாடீ?"

"எனக்குத் தெரியாதா உன்னை? இத பாரு, சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவோம். சாப்பிடுவோம், கெளம்பிடுவோம். நீ வாயத் தொறக்கக் கூடாது. அப்பா மேல சத்தியம் பண்ணு."

"அவன் என்ன, கடிச்சா தின்னுடுவான்? சொன்னா என்ன ஆகும்?"

"அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரும்மா. அவங்க அப்பா இருக்காரே, கறுப்பருங்களைப் பத்தி அவரு பேசற பேச்சை நான் ரெண்டு வருஷமா பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கேன். சிரிச்சுக்கிட்டே கேட்டிருக்கேன்." மார்லா ஜன்னல் வழியாக ட்ரெவரை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "இப்ப போய்ச் சொன்னா, இத்தனை நாள் ஏன் சிரிச்சேன்னு கேக்கமாட்டாரா? சத்தியம் பண்ணு. இல்லேன்னா இதுதான் நான் இங்க வர்றது கடைசி."

அந்தக் கடைசி வார்த்தையில் ஓரலீ அடங்கிப்போனாள். செத்த புருஷன் மேல் சத்தியம் செய்தாள். செய்துவிட்டு, பெற்ற பிள்ளை தன் பிறப்பை மூடி மறைக்க நாமே போர்வை எடுத்துக் கொடுக்கிறோமே என்று உருளைக்கிழங்கு உரிக்கிற சாக்கில் அழுதாள்.

மறுநாள் மார்லாவின் திட்டத்தைக் கெடுத்தவன் ட்ரெவர். விருந்துக்கு நேரங்கழித்துப் போவது மரியாதையில்லை என்று அவன் வளர்ந்த வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது. மார்லா எவ்வளவோ இழுத்துப் பார்த்தாள், தலைவலி என்றுகூடச் சொன்னாள். கடைசியில் பாட்டு முடிந்து எல்லாரும் உட்காரும் நேரத்தில் மூன்று பேரும் உள்ளே நுழைந்தார்கள். இரண்டாவது வரிசையில் ஓரலீக்கு வழக்கமான இடம். ட்ரெவர் நடுவில் உட்கார்ந்தான். சபையைச் சுற்றிப் பார்த்தான். மாநிறமாகச் சிலர், செம்பட்டை முடியோடு பலர், சுருட்டை முடியும் பச்சைக் கண்ணுமாக ஒரு கிழவர்.

"எல்லாரும் கலந்து இருக்காங்க அத்தை, நல்லா இருக்கு" என்று காதோரம் சொன்னான்.

"ஆமா தம்பி, நல்லாத்தான் கலந்திருக்கோம்" என்றாள் ஓரலீ. மார்லா முறைத்தாள்.

வெண்டல் எழுந்து தொண்டையைச் செருமினார். ஆல்ஸ்பா என்றார், ஒரு கூட்டம் எழுந்தது. "பதினேழு!" என்று ஒரு தாத்தா கத்த, கைதட்டல். அடுத்த பேருக்கு ஒன்பது பேர். ட்ரெவருக்கு உற்சாகம் தாங்கவில்லை, எல்லாருக்கும் கைதட்டினான். மார்லா மடியில் இருந்த கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிளெவின்ஸ்" என்றார் வெண்டல்.

ஓரலீ எழுந்தாள். அவள் பக்கத்தில் படாரென்று இன்னொரு ஆளும் எழுந்தது. ட்ரெவர்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி நின்றான். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"உக்காரு தம்பி" என்றாள் ஓரலீ மெதுவாக. "இது எங்க ஆளுங்களுக்கு மட்டும்."

"நானும் உங்க ஆளாகப் போறவன்தானே அத்தை?"

"ஆக முடியாதுப்பா. பொறந்திருக்கணும்."

அவன் குழம்பிப்போய் மார்லாவைப் பார்த்தான். "அப்ப இவ ஏன் உக்காந்திருக்கா?"

அந்தக் கேள்வி சபை முழுக்கக் கேட்டது. அங்கே இருந்த பாதிப் பேர் மார்லாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள். ஆனாலும் மேட்டில் ஒரு சட்டம் உண்டு. வெளியே போனவர்களைக் காட்டிக் கொடுப்பதில்லை. வெண்டல் தரையைப் பார்த்துக்கொண்டே, "எத்தனை பேரு, ஓரலீ?" என்றார்.

ஓரலீக்குச் சத்தியம் நினைவில் இருந்தது. மகள் திரும்பி வராமல் போய்விடுவாளோ என்ற பயம் அதைவிட அதிகமாக இருந்தது. ட்ரெவரைப் பார்த்து, "அவ உன்கூட வந்த விருந்தாளிப்பா" என்றாள். பிறகு வெண்டலைப் பார்த்து, "ஒருத்திதான். எனக்கப்புறம் யாரும் இல்ல" என்றாள்.

உயிரோடு இருக்கிற பிள்ளையை ஊர் நடுவில் இல்லையென்று சொல்லியாகிவிட்டது. முன்னால் இருந்த பெஞ்சுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளால் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கைப்பை தரையில் விழும் சத்தம் கேட்டது.

"நீ உக்காரு ட்ரெவர்" என்றாள் மார்லா. அவள் எழுந்து நின்றிருந்தாள். "இது நான் நிக்கவேண்டிய எடம்."

"என்ன எடம்? ஒண்ணும் புரியல எனக்கு."

"நாங்க கறுப்பருங்க. அம்மா, நான், இங்க இருக்கற எல்லாரும். உங்கிட்ட நான் சொன்னதில்ல."

அவன் அவளுடைய மஞ்சள் முடியைப் பார்த்தான், சிரித்தான். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து நல்லபடியாகத்தான் சிரித்தான். கூட யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. அவன் சபையை மறுபடியும் ஒரு முறை பார்த்தான், இந்தத் தடவை ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். என்ன நினைத்தான் என்று ஓரலீக்குத் தெரியவில்லை. அவனுக்குமே தெரிந்திருக்காது.

மார்லா அவனைத் தாண்டி வந்து தாயின் கையைப் பிடித்தாள்.

"இல்லேன்னு சொல்லிட்டியேம்மா" என்றாள்.

"நீதானேடீ சொல்லச் சொன்ன."

வெண்டல் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. ஓரலீ மகளைப் பார்த்து, நீயே சொல் என்று தலையை ஆட்டினாள். அதனால் மார்லாவே சொன்னாள்.

"ரெண்டு பேரு."

"பிளெவின்ஸ், ரெண்டு" என்று வெண்டல் உரக்கச் சொன்னார். சபை கைதட்டியது. ட்ரெவர் தட்டவில்லை. அவன் நிமிர்ந்து மார்லாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உட்காரவில்லை.